டேலிக்குத் துணை, படிப்புக்குத் தனிமை

அன்புள்ள சார்,

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே சில கடைகளுக்கு டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் என்ட்ரியும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் போட்டுக் கொடுக்கிறேன், கூடவே சிஎம்ஏ என்ற காஸ்ட் அக்கவுன்டன்ட் படிப்பில் இன்டர் படிக்கிறேன். மாதம் பிறந்ததும் கடைக்காரர்கள் பில்லை மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், நான் பையைப் பிரிப்பது 10ஆம் தேதி ராத்திரிதான். போன மாதம் ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதியும் தாண்டி, ஒரு கடையின் தாமதக் கட்டணத்தை என் கையிலிருந்து கட்டினேன். புதுச்சேரியில் இருக்கும் என் தோழி, தினமும் இரண்டு மணி நேரம் வீடியோ காலில் அவரவர் வேலையைப் பார்ப்போம், பேச வேண்டாம், கேமரா மட்டும் ஆனில் இருக்கட்டும் என்கிறாள். இரண்டு நாள் செய்து பார்த்தோம், வேலை ஓடியது. ஆனால் கூட ஆள் இருந்தால்தான் வேலை நடக்கும் என்றால் அது பலவீனம்தானே? படிப்புக்கும் இதையே வைத்துக்கொள்ளலாமா?

– ச.

அன்புள்ள ச.,

வேலை ஓடியது என்று நீங்களே எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே பலவீனமா என்று கேட்கிறீர்கள். தனியாக உட்கார்ந்து போட்டீர்களா, தோழியோடு உட்கார்ந்து போட்டீர்களா என்று ஜிஎஸ்டி போர்ட்டலில் எந்தக் கட்டமும் கேட்பதில்லை. 20ஆம் தேதி தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதனால் அந்தப் பேச்சை விடுங்கள். இரண்டாவதாகக் கேட்டதுதான் நல்ல கேள்வி. என் பதில்: டேலிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சிஎம்ஏவுக்கு வேண்டாம்.

1898இல் அமெரிக்காவில் நார்மன் டிரிப்ளெட் என்பவர், சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் பக்கத்தில் ஆள் ஓட்டும்போது வேகமாகப் போகிறார்களே என்று கவனித்தார். அப்புறம் 40 பிள்ளைகளிடம் தூண்டில் நூல் சுற்றும் உருளையைக் கொடுத்து, தனியாக ஒரு தரம், இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து ஒரு தரம் என்று மாற்றி மாற்றிச் சுற்றவைத்தார். கூட ஆள் இருந்தால் வேகம் கூடும் என்பதற்கு ஆளாளுக்கு இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் வேகம் கூடியது பாதிப் பிள்ளைகளுக்குத்தான். 10 பேருக்குப் பெரிய வித்தியாசமில்லை, மீதி 10 பேர் பதறிப்போய் இன்னும் மெதுவாகிவிட்டார்கள்.

ஏன் இப்படி என்பதற்கு 1965இல் ராபர்ட் ஸயான்ஸ் ஒரு விளக்கம் சொன்னார். கைக்குப் பழகிய வேலை என்றால் பக்கத்தில் ஆள் இருக்கும்போது வேகமாக ஓடும், இன்னும் பிடிபடாத வேலை என்றால் தடுமாறும். சில ஆண்டு கழித்து அவரும் உடன் வேலை செய்தவர்களும் இதைக் கரப்பான்பூச்சியை வைத்துக்கூடச் சோதித்தார்கள் (சிரிக்காதீர்கள், நிஜமாகவே). மற்ற கரப்பான்கள் வேடிக்கை பார்க்க, நேர்பாதையில் ஓடிய கரப்பான் வேகமாக ஓடியது. வழி தேடித் திரும்பவேண்டிய பாதையில் விட்டால் தனியாக இருக்கும்போதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

உங்கள் கொள்முதல் பில் என்ட்ரி நேர்பாதை. பில் நம்பர், தேதி, ஜிஎஸ்டி எண், தொகை, வரி என்று விரல் தானாகவே போகும், உங்களுக்கு வராதது உட்காருவது மட்டும்தான். தோழி திரையில் இருந்தால் உட்கார்ந்துதான் ஆகவேண்டும், எழுந்து போவதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டியிருக்கும். சிஎம்ஏவில் வரும் ப்ராசஸ் காஸ்டிங் கணக்கு அப்படியில்லை. அதில் தப்புப் போடவேண்டும், அடிக்கவேண்டும், பத்து நிமிஷம் ஒன்றுமே எழுதாமல் தாளை வெறிக்கவேண்டும். கேமராவுக்கு முன்னால் அப்படி வெறித்துக்கொண்டிருக்க நமக்குக் கூச்சம், உடனே தெரிந்த பாடத்தைப் புரட்டி இரண்டாவது தரம் அடிக்கோடு போட ஆரம்பித்துவிடுவோம். பார்ப்பவருக்கு மும்முரமாகப் படிப்பது போலத்தான் தெரியும்.

இன்னொன்று, இது நன்றாகப் போகிறதென்று தெரிந்தால் இன்னும் நாலு பேரைச் சேர்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுக்கையில் காட்டிய பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் ஒவ்வொருவரும் காட்டினார்கள். உங்கள் பாடலீஸ்வரர் கோயில் தேரில் வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டே நடந்து வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள்தானே, பத்துப் பேர் இருக்கும் வீடியோ காலும் அதே கதைதான். இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று.

புதுச்சேரிக்கே வந்து தோழியோடு உட்காரலாம் என்று தோன்றினாலும் செய்யாதீர்கள். பஸ் பிடித்து, அரியாங்குப்பத்தில் நின்று நின்று வந்து சேர்வதே அன்றைய வேலையாகிவிடும். அவர் உங்கள் வீட்டுக்கு வந்தாலும் ஆபத்துதான், டீ போடுவது யார்? நான் முத்தியால்பேட்டையில் ஒரு அக்கா வீட்டில் போய் உட்காருவதுண்டு. அவர் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைப்பார், நான் மெய்ப்புப் பார்ப்பேன். டீ கடையிலிருந்துதான் வரும், அதுவும் கடைசியில். உட்காரும்போது அவர் “இன்னிக்கு ஆறு ஜாக்கெட்” என்பார், நான் “மூணாவது அத்தியாயம் முழுக்க” என்பேன், எழுந்திருக்கும்போது இரண்டு பேரும் கணக்கு ஒப்பிப்போம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். “ஜிஎஸ்டி வேலை” என்று சொன்னால் அதில் ஒன்றுமில்லை, “ஹார்டுவேர் கடை, போன மாதக் கொள்முதல் பில், மொத்தமும்” என்று சொல்லுங்கள். அவர் தையல்காரராக இருப்பதும் எனக்கு வசதி, நான் செய்வது சரியா தப்பா என்று அவர் பார்க்கமாட்டார். உங்கள் தோழி கணக்கு வேலையில் இல்லையென்றால் இன்னும் நல்லது. போனில் கால் போடுவதானால் வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

ஏடிஹெச்டி என்ற கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கும் இப்படிப் பக்கத்தில் ஒருவர் உட்காரும் முறையைச் சொல்வதுண்டு. பில் மட்டுமில்லாமல் சின்ன வயதிலிருந்தே எல்லாக் காரியத்திலும் இந்தப் பாடு என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சிஎம்ஏவுக்குக் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காருங்கள். கணக்கு கைக்கு வந்தபிறகு, பழைய கேள்வித்தாளை மூன்று மணி நேரம் வைத்து எழுதிப் பார்ப்பீர்கள் இல்லையா, அதற்குத் தோழியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஸயான்ஸும் மாணவர்களுக்கு இதைத்தான் சொன்னார்: படிப்பது தனியாக இருக்கட்டும், பரீட்சையை முடிந்தால் ஒரு மேடையில் ஏறி, கூட்டத்துக்கு முன்னால் எழுதுங்கள் என்று.