பசித்த வேர்தான் குரல் கொடுக்கும்: மண்ணுக்குள் நடக்கும் பேச்சு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சோளக்காட்டில் நாலு வருசமாகச் சுடுமல்லி. பூத்ததும் பிடுங்கிப் போடுகிறோம், மறுபடியும் வருகிறது. எங்கிருந்துதான் வருகிறது?

பதில்: சுடுமல்லி பயிர் வேரில் ஒட்டி உறிஞ்சிப் பிழைக்கும் களை. மண்ணில் கிடக்கும் அதன் விதையை உங்கள் சோளமேதான் எழுப்புகிறது. மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) தழைச்சத்தோ (நைட்ரஜன்) பற்றாத மண்ணில் சோள வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளைக் கூடுதலாகக் கசியவிடும். அந்த அழைப்பு சுடுமல்லிக்கானது அல்ல. மணிச்சத்தை இழுத்துத் தரும் வேர் உட்பூசணத்துக்கானது (கடையில் 'வேம்' என்பார்கள்). அந்தப் பொருள் பட்டதும் பூசண இழை கிளை கிளையாகப் பிரிந்து வேரைத் தேடும். ஜப்பானில் அகியாமா குழு இதைக் காட்டியது 2005இல். அதே குடும்பத்துப் பொருளைச் சுடுமல்லி விதையை முளைக்கவைப்பது என்று பருத்தி வேர்க் கசிவிலிருந்து பிரித்ததோ 1966இல். திருடனை முதலில் கண்டுபிடித்தோம்; விருந்தாளி யாரென்று தெரிய நாற்பது வருசம் ஆயிற்று.

இந்தப் பொருள் ஈர மண்ணில் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் வேரிலிருந்து சில மில்லிமீட்டருக்குள்தான் அழைப்பு கேட்கும். சுடுமல்லிக்கு அதுதான் வசதி. கால் மில்லிமீட்டர் விதை, உள்ளே கட்டுச்சோறு கிடையாது, முளைத்துச் சில நாளில் வேரைப் பிடிக்காவிட்டால் சாவு. அழைப்பு கேட்டால் உயிருள்ள வேர் பக்கத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

பூத்தபின் பிடுங்குவது காலம் கடந்த வேலை. அது தலைகாட்டும் முன்பே பயிருக்குப் பெரும்பாலான சேதம் ஆகிவிடும். பூக்கும் முன் பிடுங்கினால் விதையாவது விழாது. ஒரே செடி பல்லாயிரம் விதை விடும், பத்து வருசத்துக்கு மேல் மண்ணில் உயிரோடு கிடக்கும். இடையில் பருத்தி போடுங்கள். அதன் வேரும் அழைக்கும், விதை முளைக்கும், ஒட்ட முடியாமல் சாகும். ஒரு போகத்தில் தீராது. சோளம் போடும் வருசம் தழைச்சத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கேள்வி: வேம் பாக்கெட் ஒன்று வாங்கி, 200 லிட்டர் டிரம்மில் வெல்லம் கரைத்துப் பெருக்கலாமா?

பதில்: முடியாது. கொழுப்பு அமிலத்தைத் தானாகச் செய்யும் திறன் அந்தப் பூசணத்துக்கு இல்லை. வேர் ஊட்டினால்தான் வளரும். டிரம்மில் நுரைப்பது ஈஸ்ட்டும் பாக்டீரியாவும். பெருக்க வேண்டுமானால் வேர் வேண்டும். ஒரு மீட்டர் சதுரத்தில் 30 செ.மீ. ஆழக் குழி எடுத்து, கறுப்புப் பாலித்தீன் விரித்து, 50 கிலோ வெர்மிகுலைட்டும் (லேசான தாதுத் துகள்) 5 கிலோ கிருமி நீக்கிய மண்ணும் நிரப்புங்கள். மேல்பரப்பிலிருந்து 2 முதல் 5 செ.மீ. கீழே ஒரு கிலோ தாய் வித்து (வாங்கிய வேம்) பரப்புங்கள். மேலே மக்காச்சோளம் விதையுங்கள். 60 நாளில் தண்டை அறுத்துவிட்டு, வேரை நறுக்கி அந்தக் கலவையோடு சேருங்கள். அதுதான் உங்கள் வேம்.

கேள்வி: தக்காளி நடும் குழியில் டிஏபி உரமும் வேமும் சேர்த்துப் போடலாமா?

பதில்: போட்டால் ஒன்று வீண். டிஏபியில் மணிச்சத்து அதிகம். அது வயிறு நிறையக் கிடைத்த வேர் வாயை மூடிக்கொள்ளும், பூசணத்தைக் கூப்பிடாது. வேமை நாற்றங்காலிலேயே சதுர மீட்டருக்கு 100 கிராம், மண்ணுக்கு 2, 3 செ.மீ. கீழே இட்டு, அதன்மேல் விதையுங்கள். எதற்கும் முன்னால் மண் பரிசோதனை! மணிச்சத்து ஏற்கெனவே மிகுந்த மண்ணுக்கு வேம் வாங்குவது காசைப் புதைப்பது.

கேள்வி: முட்டைக்கோசுக்கு வேம்?

பதில்: சேராது. முள்ளங்கி, கடுகு, காலிஃபிளவருக்கும் அப்படியே.

கேள்வி: நிலக்கடலைக்கு வாங்கிய ரைசோபியம் (வேர் முடிச்சுப் பாக்டீரியா) மிச்சம் இருக்கிறது. சோயாவுக்குப் போடலாமா?

பதில்: கூடாது. சோயா வேர் ஜெனிஸ்டீன் என்ற அழைப்புப் பொருளை விடும். அதற்கு உரிய பாக்டீரியா முடிச்சுக் காரணி என்ற தன் பொருளால் பதில் சொன்னால்தான் வேர்த்தூவி சுருண்டு வழிவிடும். நிலக்கடலையில் வாசலே வேறு. பக்கவேர் பிதுங்கும் வெடிப்பு வழியாக நுழையும். சோயாவுக்கென்று உள்ள பாக்கெட்டை வாங்கி, ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, அரை மணி நிழலில் உலர்த்தி, அன்றே விதையுங்கள். பிறகு வேர் முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள், வேலை செய்யும் முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்.

கேள்வி: வெல்லத்துக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போட்டால் வேம் பெருகுமா?

பதில்: பெருகாது. தேன், கரும்புச்சாறு என்று கேட்க இருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

கேள்வி: தக்காளி பச்சையாகவே வாடுகிறது. படம் போட்டிருக்கிறேன்.

பதில்: படம் பார்த்துச் சொல்ல முடியாது. தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிடுங்கள். வெள்ளைப் புகைபோல் இறங்கினால் பாக்டீரியா வாடல். மற்றதை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: காட்டில் தாய்மரம் பூசண இழை வழியாகத் தன் கன்றுகளுக்கு உணவூட்டுகிறது என்கிறார்களே?

பதில்: அழகான கதை, ஆதாரம் மெலிவு. 1997இல் கனடாவில் சுசான் சிமார்ட் குழு பிர்ச் மரக் கன்றுக்கும் டக்ளஸ் ஃபிர் கன்றுக்கும் அடையாளமிட்ட கார்பனைக் கொடுத்துப் பார்த்தது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனது உண்மை. ஆனால் அந்தப் பூசணத்தோடு சேராத செடார் கன்றுக்கும் ஓரளவு போயிருந்தது. அதற்கு வழி மண்தானே?

அதே நண்பர்: அப்படியென்றால் இழை வழிப் பேச்சே கிடையாதா? அவரைச் செடி பற்றிய ஆய்வு?

பதில்: கிடையாது என்று எங்கே சொன்னேன்? 2013இல் பபிகோவா குழு செய்த அகன்ற அவரைச் சோதனை நல்ல சோதனை. அசுவினிப் பூச்சி பிடித்த செடியோடு இழையால் இணைந்திருந்த செடி, அசுவினியை விரட்டும் வாசனையை விட்டது. வேர் புகாமல் இழை மட்டும் புகும் மெல்லிய வலை வைத்து, அதைச் சுழற்றி இழையை அறுத்தும் ஒப்பிட்டார்கள். ஆனால் அது தொட்டியில் நடந்தது. நான் மறுப்பது 'தாய்', 'கன்று', 'பாசம்' எல்லாவற்றையும்.

இன்னொருவர்: நீங்கள் அவநம்பிக்கையாளர். இத்தனை பேர் எழுதியது பொய்யா?

பதில்: 2023இல் காட்டு ஆய்வுகளை அலசி, இந்தக் கூற்றுகளுக்குப் போதிய சான்று இல்லை என்று எழுதிய மூவரில் மெலனி ஜோன்ஸ் ஒருவர். 1997 கட்டுரையிலும் அவர் பெயர் இருக்கிறது. சண்டையை அவரோடு போடுங்கள். காட்டில் இழையை மட்டும் அறுத்து, மண் நீர் வழி கசிவதைத் தனியாக அளந்த சோதனை ஒன்றைக் கொண்டுவாருங்கள், பேசலாம்.