அடைமழையில் முட்டை குறைவது ஏன்?

கேள்வி: கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 4 நாட்டுக்கோழிகளும் வனராஜா என்னும் கலப்பினக் கோழிகள் ஐந்தும் வளர்க்கிறேன். புரட்டாசி வரை நாளொன்றுக்கு ஐந்தாறு முட்டைகள் கிடைத்தன. ஐப்பசி மழை பிடித்தபின் ஒரு முட்டை கிடைப்பதே அரிதாகிவிட்டது. பகல் குறைவதுதான் காரணம், கூண்டில் பல்பு எரியவிடுங்கள் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கோழியின் முட்டைக்கும் பகல் வெளிச்சத்துக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மையே. ஒளியைக் கோழி கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டை ஊடுருவிச் செல்லும் ஒளியை மூளைக்குள் இருக்கும் உணரிகள் அறிந்து, கருவகத்தைத் தூண்டும் சுரப்புகளை முடுக்கிவிடுகின்றன. நிறைய முட்டையிட நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் தேவை என்று சொல்லப்படுவது இதனால்தான். ஆனால் மார்கழியில் 8 மணி நேரமே பகல் இருக்கும் இங்கிலாந்து போன்ற நாடுகளுக்குப் பொருந்தும் அறிவுரையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கடலூரில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே ஏறத்தாழ 11 மணி 25 நிமிடம். மிக நீண்ட பகல் 12 மணி 50 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான இந்த வேறுபாடு முட்டையைச் சற்றுக் குறைக்கலாமே தவிர, ஆறிலிருந்து ஒன்றாக்கிவிடாது.

நீங்கள் கவனிக்க வேண்டியது, உங்கள் கோழிகள் உண்மையில் எத்தனை மணி நேரம் வெளிச்சத்தில் இருக்கின்றன என்பதை. மேகம் மூடிய நாளிலும் வெட்டவெளியில் இருக்கும் வெளிச்சம் கோழிக்குத் தாராளமாகப் போதும். ஆனால் சாரல் அடிக்கிறதே என்று பஞ்சாரத்தின்மேல் தார்ப்பாயைப் போர்த்திக் காலை 9 மணிக்குத் திறந்து, மாலை 4 மணிக்கே மறுபடி அடைத்தோமானால், அந்தக் கோழிக்குப் பகல் வெறும் 7 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. இருட்டை உண்டாக்குவது பெரும்பாலும் மேகமல்ல, நம் தார்ப்பாய்தான். மேலே கூரை, மழை வரும் பக்கம் மட்டும் தடுப்பு, மற்ற பக்கங்களில் வலை என்று ஒரு கொட்டகை அமைத்து, தரையில் உமியோ மரத்தூளோ பரப்பி ஈரமில்லாமல் வைத்துக்கொண்டால், பல்பு இல்லாமலே பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்து, ஒவ்வொரு கோழியையும் கையில் எடுத்துப் பாருங்கள். கொண்டை சிவந்து, பின்புறத்து இடுப்பெலும்புகள் இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் அது முட்டையிடும் கோழி. கொண்டை வெளுத்துச் சுருங்கி, கழுத்து இறகுகளுக்கிடையே முள்முள்ளாகப் புதுக்குருத்துகள் தட்டுப்பட்டால் அது இறகு உதிர்க்கிறது. இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. அதை வளர்க்கும் இரண்டு மூன்று மாதங்களில் முட்டைக்கும் சேர்த்துக் கொடுக்க அதன் உடலில் தெம்பு இருக்காது. அப்போது பல்பு போட்டு முடுக்காமல் ஓய்வு கொடுப்பதே நாம் அதற்குச் செய்யும் நன்றி என்பது என் உறுதியான கருத்து. அரிசி நொய்யோடு கரையானும் சிறிது கடலைப் புண்ணாக்கும் கொடுங்கள். மழைக்காலத்தில் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அதில் நஞ்சு உண்டாகும். மோந்து பார்த்து, சந்தேகமிருந்தால் கொட்டிவிடுங்கள். உங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று உப்புக் கருவாட்டைப் போடாதீர்கள். கோழிக்கு உப்பு மிகுந்தால் கழிச்சல் கண்டு இறந்தும் போகும்.

நாட்டுக்கோழிகள் நான்கும் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டபின் அடைக்கு உட்காரும் இயல்புடையவை. அதை விளக்கு மாற்றாது. வனராஜாவுக்கு மட்டும் விளக்கு வைப்பதென்றால், மாலையில் நீட்டாமல் விடியற்காலை 4 மணிக்குப் போடுங்கள். அப்போதுதான் அந்தியில் அவை தாமாகவே அடையும். ஒருநாள் போட்டு ஒருநாள் விட்டால் பயனில்லை.

கேள்வி: வில்லியனூரில் இருக்கிறோம். அக்னி நட்சத்திர நாள்களில் எங்கள் கோழிகள் தோல்முட்டை இடுகின்றன. என்ன குறை?

பதில்: கோழிக்கு வியர்வை கிடையாது. வெயிலில் அது வாயைத் திறந்து, தொண்டை துடிக்க, இறக்கையைத் தூக்கிக்கொண்டு இரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுவதால், ஓடு உருவாகத் தேவையான கார்பனேட் குறைகிறது. வெப்பத்தில் தீனியும் குறைவதால் சுண்ணாம்புச் சத்தும் போதாமல் போகிறது. தீனியை விடியலிலும் வெயில் தாழ்ந்தபின்னும் வையுங்கள். மண்சட்டியில் தண்ணீரை நிழலில் வைத்து நண்பகலில் மாற்றுங்கள். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது என்பதால், உப்புப் போகக் கழுவி உடைத்த கிளிஞ்சலை மாலையில் தனிக்கிண்ணத்தில் வைப்பது நல்லது. நீற்றிய சுண்ணாம்பை வைத்துவிடாதீர்கள். வாயும் குடலும் வெந்துவிடும்.

கேள்வி: பாகூரிலிருந்து எழுதுகிறேன். முதலில் காலையில் முட்டையிட்ட கோழி, நாளாக நாளாக மதியம் தாண்டி இடுகிறது. பிறகு ஒருநாள் இடுவதேயில்லை. நோயா?

பதில்: நோயில்லை. ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆவதால் நாளுக்கு நாள் நேரம் தள்ளிப்போகிறது. பிற்பகலை எட்டியதும் ஒருநாள் விட்டு, மறுநாள் காலையிலிருந்து மீண்டும் தொடங்கும்.