வேன் கூரைக்கு 200 வாட் பேனல் போதுமா?

கேள்வி: பழைய வேன் ஒன்றை கேம்பிங் வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். 12 வோல்ட் ஃபிரிட்ஜ், ஃபேன், நாலு எல்.இ.டி. விளக்கு, லேப்டாப், முடிந்தால் இண்டக்‌ஷன் அடுப்பு. 200 வாட் சோலார் பேனல் போதும் என்கிறார்கள். போதுமா?

பதில்: அடுப்பை விட்டுவிட்டால்கூடப் போதாது. பேனலில் இருந்து கணக்கை ஆரம்பிக்காதீர்கள், ஒரு நாள் செலவை முதலில் எழுதுங்கள். ஃபிரிட்ஜ் ஓடும்போது 50 வாட் இழுக்கிறது, வெக்கையில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் 24 மணி நேரத்தில் 600 வாட்-மணி; ஃபேன் 20 வாட்டில் 8 மணி நேரம் ஓடினால் 160, விளக்குகளுக்கு 80, லேப்டாப்புக்கு 60. மொத்தம் 900.

இப்போது வரவு. நல்ல வெயில் நாளில் முழு வேகத்தில் 5 மணி நேரம் உழைத்ததற்குச் சமமாகப் பேனல் தரும் என்றாலும், 200 வாட்டில் 1,000 வராது, 700 வந்தால் நல்லது. பேனலில் எழுதியிருக்கும் வாட், அதன் செல்கள் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. உச்சி வெயிலில் கூரை மேல் அவை 60 டிகிரியைத் தாண்டும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். அப்புறம் தூசி, சூரியனை நோக்கிச் சாய்க்காமல் படுத்தே கிடப்பது, வயரில் போவது. ஆகவே 300 வாட், எம்.பி.பி.டி. கன்ட்ரோலரோடு (பேனலில் இருந்து முடிந்த அளவு மின்சாரத்தை எடுத்து பேட்டரிக்குத் தரும் கருவி).

நிழலைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. உள்ளே புழுங்காமல் இருக்க வண்டியை மரத்தடியில்தான் நிறுத்துவீர்கள், அங்கே கூரைப் பேனல் கிட்டத்தட்ட சும்மா கிடக்கும். ஒரு கிளையின் நிழல் ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி பாதிக்கு மேல் சரியலாம். 300-ல் 100 வாட்டை மடக்குப் பேனலாக வாங்கி, நீளமான, தடித்த வயரோடு வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் ஒட்டும் வளையும் பேனல் வேண்டாம், அடியில் காற்று போகாமல் சூடேறி சீக்கிரம் கெட்டுவிடும்.

பேட்டரி 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 1,280 வாட்-மணி, அதில் 1,000 தாராளமாக எடுக்கலாம். அதே அளவு லெட் ஆசிட்டில் பாதிதான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். மேகமூட்டமான நாளையும் தாங்க வேண்டும் என்றால் 200 ஆம்பியர்-மணி லித்தியம் வாங்குங்கள். உறைநிலைக்குக் கீழே குளிரும் இடங்களில் லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது.

அடுப்பு? 1,500 வாட் என்றால் 12 வோல்ட்டில் 125 ஆம்பியர், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 140 வரும். அந்த ஒன்றுக்காக எல்லாவற்றையும் பெரிதாக்க வேண்டியிருக்கும். கேஸிலேயே சமையுங்கள்.

கேள்வி: வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரில் (இன்ஜின் சுழற்றி மின்சாரம் தரும் கருவி) இருந்தே லித்தியம் பேட்டரிக்கு நேராக வயர் இழுக்கலாமா?

பதில்: கூடாது. லித்தியம் கிடைக்கிற கரண்டையெல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகி எரிந்தே போகலாம். நடுவில் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போட்டால் அது ஓர் அளவுக்குள் நிறுத்திவைக்கும். அந்த வயரின் இரண்டு முனையிலும், வண்டியின் பேட்டரியை ஒட்டி ஒன்று, லித்தியத்தை ஒட்டி ஒன்று என ஃபியூஸ் போடுங்கள். எங்கோ உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.