கேரள எல்லையோர ஆஸ்பத்திரியில் பார்மசி டெக்னீஷியன் வேலை: தமிழ் மட்டும் தெரிந்தால் சமாளிக்கலாமா?

டி.பார்ம் முடித்துவிட்டு கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சேரப் போகிறீர்கள். மலையாளம் சுமாராகத்தான் வரும், முதல் மாதம் எதில் கவனம் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் வேலந்தாவளம், கோவிந்தாபுரம் வரைக்கும் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அதனால் பேச்சு ஒரு பிரச்சினையே இல்லை என்று நினைத்துவிடுவோம். இரண்டு மொழியும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதுதான் சிக்கலே. மலையாளத்தில் ‘ராவிலெ’ என்றால் காலை. அதே ஒலி நம் காதில் ‘ராவுல’ என்று விழும், அதாவது இரவு. தைராய்டுக்கான தைராக்சின் மாத்திரையைக் கொடுத்து ‘ராவிலெ ஒந்நு’ (காலையில் ஒன்று) என்று சொன்னால், தமிழ்ப் பாட்டி அதை ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் போட்டுக்கொள்வார். நீர் பிரியும் மருந்தான ஃப்ருசமைடு என்றால் இன்னும் மோசம். இரவெல்லாம் சிறுநீருக்கு எழுந்து, இருட்டில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளும் வயது அது. ‘கழிக்கணும்’ என்றால் அங்கே சாப்பிட வேண்டும், இங்கே அர்த்தமே வேறு. மாத்திரைக்கு அவர்கள் சொல்லும் ‘குளிக’ நமக்குக் குளிப்பதாகக் கேட்கும். ‘சேஷம்’ என்றால் பிறகு, மிச்சம் அல்ல. ‘ஆழ்ச்சயில் ஒரிக்கல்’ என்றால் வாரம் ஒருமுறை. இந்தக் கடைசிச் சொற்றொடரை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை அடிபட்டு உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று கவரின் மேலேயே எழுதுங்கள்.

நேரத்தைச் சொல்ல இரண்டு பக்கமும் ஒரே பொருள் தரும் சொற்களைப் பிடித்துக்கொள்வது நல்லது. ‘ராத்திரி’ பிரச்சினை இல்லை, ‘வெறும் வயிறு’ பிரச்சினை இல்லை. காலைக்கு ‘சாயா குடிக்கும் முன்னால்’ என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. தைராக்சினுக்கு அது பொருத்தமும்கூட: சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளிலிருந்து 4 மணி நேரம் தள்ளி. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். ‘இதை எப்போ போடுவீங்கம்மா?’ என்று கேட்டு அவர்கள் வாயால் சொல்ல வையுங்கள்.

இனி அலமாரி. மருந்தின் பெயர் முழுவதும் மாறிப்போவதைவிட, பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தும் எண்ணும், அதாவது வால், மாறிப்போவதுதான் அதிகம். டெல்மிசார்டன் 40, 40 எச், 40 ஏஎம் மூன்றும் வேறு வேறு மருந்து. ஏஎம் என்பதில் ஆம்லோடிபின் சேர்ந்திருக்கும், எச் என்பதில் நீர் பிரியும் மருந்து. கிளிமெபிரைடு எம்1 கேட்டால் எம்2 போகும், மெட்ஃபார்மின் எஸ்ஆர் (மெதுவாகக் கரையும் வகை) கேட்டால் சாதாரணம் போகும். சீட்டில் வால் தெளிவாக இல்லையென்றால் டாக்டர் வெளிநோயாளிகளைப் பார்க்கும் ஓபி அறைக்கு போன் போட்டுக் கேளுங்கள். டாக்டர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை. டோபமின், டொபுடமின் என்று பெயர் ஒரே மாதிரி ஒலிக்கும் ஆம்பியூல்களை (ஊசி மருந்துக் குப்பிகளை) ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

மாத்திரை அட்டையை வெட்டும்போது எக்ஸ்பயரியும் பேட்ச் நம்பரும் அச்சாகியிருக்கும் முனையைக் கடைசிவரை விட்டுவைத்து, எதிர்முனையிலிருந்து வெட்டுங்கள். மாற்றி வெட்டினால் மீதி அட்டை அனாதை. அதைத் திரும்ப எடுத்துக் கொடுக்கவும் முடியாது, கம்பெனிக்குத் திருப்பவும் முடியாது. புது ஸ்டாக் வந்ததும் பழையதை முன்னே இழுத்துப் புதியதைப் பின்னே வைப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பார்க்க வேண்டியது எது முதலில் வந்தது என்பதையல்ல, எது முதலில் காலாவதியாகிறது என்பதை. நேற்று வந்த பெட்டிக்குக் கெடு முன்னதாக இருக்கலாம்.

குழந்தை மருந்துதான் கணக்குப் பரீட்சை. 10 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 150 மி.கி. ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தென்றால் 1.5 மி.லி. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி., 250 மி.கி. உள்ளதென்றால் 3 மி.லி. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் 600 மி.கி., அதாவது நாலு மடங்கு. வீட்டில் பழைய பாட்டில் எது இருக்கிறது என்று கேட்காமல் அனுப்பாதீர்கள். அமாக்சிசிலின் கிளாவுலனேட் பொடி பாட்டிலில் ஆறவைத்த கொதிநீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு கோடு வரை நிரப்ப வேண்டும். ஒரேயடியாக நிரப்பினால் அடியில் கட்டி நிற்கும், முதல் நாள் வெறும் தண்ணீரும் கடைசி நாள் மொத்த மருந்தும் போகும். கலந்தபின் ஃபிரிட்ஜில் வைத்து 7 நாள்தான். 30 மி.லி. பாட்டில் இரண்டு தேவைப்பட்டால் இரண்டாவதை இப்போதே கலக்காதீர்கள்.

இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். நம் ஊரில் விற்கும் இன்சுலின் ‘வயல்’களில் (ரப்பர் மூடி போட்ட மருந்துக் குப்பிகளில்) மி.லி.க்கு 40 யூனிட்டும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது அரை மி.லி., அதாவது 50 யூனிட். சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கிவிடுவார். மாற்றி, 40 யூனிட் வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை இறங்கவே இறங்காது. வயலை விற்கும்போது சிரிஞ்சையும் காட்டச் சொல்லுங்கள். உறைந்துபோன இன்சுலின், உருகியபின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், குப்பைக்குத்தான். ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரி. கதவுத் தட்டிலும் ஃப்ரீசரை ஒட்டியும் எதையும் வைக்காதீர்கள். காலையும் மாலையும் வெப்பநிலையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். சில இடங்களில் மாதக் கடைசியில் உட்கார்ந்து முப்பது நாளுக்கும் ‘5 டிகிரி’ என்று நிரப்புவார்கள், அந்தப் பழக்கத்தில் சேராதீர்கள். சக்சமெத்தோனியம், அட்ராகூரியம் போன்ற தசை தளர்த்தும் மருந்துகளுக்கு ஃபிரிட்ஜிலேயே தனிப் பெட்டி, மேலே சிவப்பு லேபிள். பிரசவத்துக்குப் போடும் ஆக்சிடோசினுக்குப் பக்கத்தில் அவை கிடக்கக் கூடாது. தசை தளர்த்தும் மருந்து மூச்சையே நிறுத்திவிடும்.

பொட்டாசியம் குளோரைடு 15 சதவீத ஆம்பியூல் 10 மி.லி.யில் 20 மில்லி ஈக்விவேலன்ட் இருக்கும். நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பியூலைப் போலவே தெரிவதால் இரண்டையும் அடுத்தடுத்து அடுக்காதீர்கள். வார்டுக்கு அனுப்பும்போது ‘கலந்து மட்டும்’ என்று ஒட்டி அனுப்புங்கள். நர்ஸ்கள் போன் போட்டு எதில் கலப்பது என்று கேட்பதும் உண்டு. வலிப்புக்கான ஃபெனிடோயின் நார்மல் சலைனில்தான், டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிந்துவிடும். இதயத்துடிப்பைச் சீராக்கும் அமியோடரோனுக்கு நேர்மாறு, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாடிக்கை ரிங்கர் லாக்டேட் டிரிப்பில் கலக்கவே கூடாது, அதிலுள்ள கால்சியம் ஒத்துக்கொள்ளாது.

பதிவேடு சலிப்பான வேலை, சுருக்கமாகச் சொல்கிறேன். செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின், அல்ப்ரசோலம், டிரமடால் எல்லாம் ஷெட்யூல் எச்1, அதாவது தனிப் பதிவேட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டிய மருந்துகள். நோயாளி பெயர், டாக்டர் பெயரும் முகவரியும், மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி அந்தப் பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மார்ஃபின், ஃபென்டனில் பூட்டில் இருக்கும், ஷிஃப்ட் மாறும்போது இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பதவிப் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி மருந்து வழங்குவது பதிவுபெற்ற பார்மசிஸ்ட்டின் வேலை. ‘டெக்னீஷியன்’ என்று எழுதிச் சம்பளத்தைக் குறைத்துவிட்டு, ராத்திரி ஷிஃப்டில் உங்களைத் தனியே நிறுத்தப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டு பார்மசி கவுன்சிலில் பதிவு இருந்தால் அதைக் கேரள கவுன்சிலுக்கு மாற்றும் வேலையைச் சேர்வதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் நேரத்தில் வார்டிலிருந்து மீந்த மருந்தெல்லாம் ரிட்டர்னாக மூட்டை மூட்டையாக வரும், பில் முடியவில்லை என்று வீட்டார் கவுன்ட்டரில் நின்று சத்தம் போடுவார்கள். அந்த அவசரத்திலும் பேட்ச் நம்பரைப் பில்லோடு ஒத்துப் பாருங்கள், வெளிக்கடையில் வாங்கிய மருந்தும் கலந்து வரும். ஃபிரிட்ஜ் பொருள் வார்டில் எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது என்று தெரியாது, அதை மறுபடி ஸ்டாக்கில் ஏற்றாதீர்கள்.