இதெல்லாம் ஒரு படிப்பா?

கேள்வி: கலிபோர்னியாவில் படிக்கும் என் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பாள் என்று இருந்தேன். இப்போது இனம், இனக்குழு, பூர்வகுடி பற்றிய படிப்பைத்தான் மேஜராக எடுப்பேன் என்கிறாள். இதெல்லாம் ஒரு படிப்பா? வேலை கிடைக்குமா? (வாசகர், கோவை)

பதில்: படிப்புதான். அதுவும் மாணவர்கள் போராடி வாங்கிய படிப்பு. 1968 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின மாணவர்கள் ஸ்டிரைக் தொடங்கினார்கள். ஆசிய, லத்தீன், பூர்வகுடி மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தடியடி, நூற்றுக்கணக்கில் கைது. 1969 மார்ச்சில்தான் நிர்வாகம் இறங்கிவந்து, இதற்கென்று தனிப் புலம் அமைக்கச் சம்மதித்தது.

எதற்காக இவ்வளவு பிடிவாதம்? இஷியின் கதையைக் கேளுங்கள். வெள்ளையர்கள் வேட்டையாடி அழித்த, கலிபோர்னியாவின் பூர்வகுடியான யாஹி மக்களில் கடைசியாக மிஞ்சியவர். 1911-இல் ஓரோவில் ஊருக்கு வெளியே, ஆடுமாடு வெட்டும் இடத்தருகே பசியோடு நின்றவரைப் பிடித்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் குடியமர்த்தினார்கள். வந்தவர்கள் முன் அம்பு செதுக்கிக் காட்டினார். தன் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை. 'இஷி' என்றால் அவர் மொழியில் மனிதன், அவ்வளவுதான். 1916-இல் காசநோயில் இறந்தார். உடலை அறுக்கக் கூடாது என்று அப்போது ஊரில் இல்லாத குரோபர் கடிதம் எழுதினார்; இஷியை ஆராய்ந்த மானிடவியல் பேராசிரியர் அவர். ஆனாலும் அறுத்தார்கள், மூளையைத் தனியே எடுத்தார்கள். அதை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தவர் அதே குரோபர்தான்! பூர்வகுடியினர் கேட்டுப் போராடி, 2000-இல்தான் அது உறவு மக்களின் கைக்குத் திரும்பியது.

படிக்கிறவன் யார், படிக்கப்படுகிறவன் யார் என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. உங்கள் மகள் கையில் எடுப்பது அந்தக் கேள்வியை. அதை லேசாக நினைக்காதீர்கள்.

சரி, வேலை. 1990-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, அரசுப் பணம் பெறும் அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் தங்களிடம் உள்ள பூர்வகுடியினரின் எலும்புகளைக் கணக்கெடுத்துத் திருப்பித்தர வேண்டும். அந்த வேலை இன்னும் முடியவில்லை. கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் இஞ்சினீயரிங் மாணவரும் இனக்குழுப் பாடம் ஒன்று படித்தால்தான் பட்டம் என்று 2020-இல் சட்டமே வந்துவிட்டது. சொல்லித்தர ஆள் வேண்டாமா? சட்டம், பொதுச் சுகாதாரம் என்று மேலே படிக்கவும் வழி உண்டு. கம்ப்யூட்டர்காரர் சம்பளம் ஆரம்பத்தில் வராது, அதை மறைக்க மாட்டேன். கூடவே புள்ளியியலும் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், அடுத்த முறை போனில் பேசும்போது, இந்த வாரம் என்ன படித்தாய் என்று அவளிடம் கேளுங்கள்.