குறுக்கே நிற்பதை நகர்த்தாதவர்

அன்புள்ள ஐயா,

தர்மபுரியில் கல்யாண போட்டோ எடுக்கிறேன். அப்பா காலத்து ஸ்டுடியோ. பெங்களூரில் ஒரு நண்பர் வீட்டில் அமெரிக்கப் புகைப்படக்காரர் சால் லைட்டரின் ‘எர்லி பிளாக் அண்ட் ஒயிட்’ இரண்டு தொகுதிகளையும் புரட்டிப் பார்த்தேன். பாதிப் படங்களில் முகத்தை ஏதோ மறைக்கிறது, மீதியில் ஃபோகஸ் இல்லை. எங்கள் ஆல்பத்தில் இப்படி ஒன்று வந்தால் பெண் வீட்டார் சண்டைக்கே வந்துவிடுவார்கள். கலருக்குப் பேர்போனவர் என்கிறார்கள். அப்படியென்றால் இது கலருக்குப் போகுமுன் எடுத்துப் பழகியதா? அப்பாவின் நெகட்டிவ்கள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பதில் அர்த்தம் உண்டா?

ம., தர்மபுரி

அன்புள்ள ம.,

பழகியது இல்லை. லைட்டர் 1923-ல் பிட்ஸ்பர்கில், யூத மத அறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். மகனும் மதகுருவாக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகனோ அந்தப் படிப்பைப் பாதியில் விட்டு, ஓவியராகும் எண்ணத்தோடு 1946-ல் நியூயார்க் போய்விட்டார். கருப்பு வெள்ளையில் தொடங்கி 1948 வாக்கில் கலர் ஸ்லைடும் (வெளிச்சம் பாய்ச்சித் திரையில் பார்க்கும் பிலிம்) எடுக்க ஆரம்பித்தார். அப்புறம் இரண்டும் சேர்ந்தே ஓடின. கலர் பிரிண்ட் போட அன்றைக்குச் செலவு அதிகம், ஸ்லைடுகள் பெரும்பாலும் பெட்டியிலேயே தங்கிவிட்டன. 1953-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அதன் புகைப்படப் பிரிவுத் தலைவர் எட்வர்ட் ஸ்டைகன் இளம் புகைப்படக்காரர்களுக்கு நடத்திய கண்காட்சியில் இவருடைய கருப்பு வெள்ளைப் படங்கள்தான் தொங்கின. கலர் தொகுப்பு வந்தது 2006-ல், 82 வயதில். பெரிய புகழ் அதன் பிறகு. நீங்கள் பார்த்த தொகுதிகள் அவர் இறந்ததற்கு மறு ஆண்டு, 2014-ல் வந்தவை.

தெருப் படங்கள் ஒரு தொகுதி, வீட்டுக்குள் எடுத்தவை இன்னொன்று. தெருத் தொகுதியில் சிலவற்றை அந்தக் காலத்தில் வேறு யாரும் எடுத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்குள் எடுத்தவை அப்படியல்ல. தங்கை டெபோரா, தோழிகள், கட்டில், கண்ணாடி, பாதி திறந்த கதவு. அங்கே எதுவும் நடப்பதில்லை.

மண்டபத்தில் நீங்கள் அதிகம் சொல்வது ‘கொஞ்சம் நகருங்க’ என்றுதான் இருக்கும். லைட்டர் யாரையும் எதையும் நகர்த்துவதில்லை. நிலைக்கால், திரை, யாரோ ஒருவரின் தோள், எது குறுக்கே வந்தாலும் அதையும் படத்தில் சேர்த்துக்கொள்கிறார். அதனால் பார்க்கிற நமக்கு நிற்க ஓர் இடம் கிடைக்கிறது: இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம், அந்தத் தோளுக்குப் பின்னால். குறுக்கே இருப்பதையெல்லாம் அகற்றி எடுத்த படத்தில் மணப்பெண் நம்மை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், நாம் வந்து நின்றதும் சிரிக்கிறாள். லைட்டர் படத்தில் அவளுக்கு நாம் இருப்பதே தெரியாது. ஃபோகஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அறை வெளிச்சத்தில் லென்ஸை அகலத் திறந்தால் ஏதோ ஒன்றுதான் கூர்மையாக விழும். எது என்பதை அவர் முடிவு செய்கிறார், அது பல நேரம் முகமாக இருப்பதில்லை.

சரி, கல்யாணத்தில் இதைச் செய்தால் பாக்கிப் பணம் கைக்கு வராது. லைட்டரும் வீட்டு வாடகை கட்டப் பல வருடங்கள் ஃபேஷன் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தவர்தான். ஆல்பத்துக்கு வேண்டியதை எடுத்து முடித்துவிட்டு, மணமகள் அறைக்கு வெளியே ஐந்து நிமிடம் ஃப்ளாஷை அணைத்து நில்லுங்கள். ஒகேனக்கலுக்குப் போக வேண்டாம், அங்கே அருவி எல்லாப் படத்தையும் தானே எடுத்துக்கொள்ளும். உங்கள் ஊர் பட்டுக்கூடு அங்காடிக்குப் போங்கள். வெள்ளைக் கூடும் மஞ்சள் கூடும் கருப்பு வெள்ளையில் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். பிறகு கண்ணுக்கு மிஞ்சுவது வடிவமும் நிழலும் ஏலம் கேட்கிறவர்களின் கைகளும்தான்.

அப்பாவின் பெட்டிகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கண் மூடியது, ஆடியது என்று அவர் ஒதுக்கிய நெகட்டிவ்களையும் பாருங்கள், ஸ்டுடியோ எப்படி இருந்தது என்பது பெரும்பாலும் அவற்றின் ஓரங்களில்தான் இருக்கும். டிரங்குப் பெட்டி வெயில் காலத்தில் அடுப்பு மாதிரி. ஈரமும் சூடும் இல்லாத இடத்தில், காற்றுப் புகும் காகித உறைகளில் மாற்றி வையுங்கள். வினிகர் போலப் புளித்த வாடை வருகிற பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பதையும் அது கெடுத்துவிடும். அவற்றைத் தனியாகப் பிரித்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.