கனெக்‌ஷன் போனால் வேலையும் ஏன் போகிறது?

வணக்கம் சார்,

நான் ஒரு சிறிய குழுவில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் பழைய டேட்டாபேஸ் ஒன்றைப் புது சர்வருக்கு மாற்ற வேண்டியிருந்தது. எஸ்எஸ்ஹெச்சில் (தூரத்து கம்ப்யூட்டருக்குள் லாகின் செய்யும் வழி) உள்ளே போய் இம்போர்ட்டை ஓடவிட்டேன், ஆறு மணிநேரம் ஆகும் என்று கணக்கு. நாலு மணிநேரம் ஓடியிருக்கும்போது என் பக்கம் நெட் போய்விட்டது, அரை மணிநேரம் கழித்துத்தான் வந்தது. திரும்ப உள்ளே போய்ப் பார்த்தால் இம்போர்ட் இல்லை. மறுபடி முதலிலிருந்து. சீனியர் ஒருவர் "டிமக்ஸில் போட்டிருக்கலாமே" என்றார், லைன் போனாலும் வேலையை ஓடவிடும் ப்ரோகிராமாம் அது. போட்டுப் பார்த்தேன். மவுஸை உருட்டினால் மேலே போகமாட்டேன் என்கிறது, இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து திறந்தால் திரையில் பாதி வெறும் புள்ளிகள், நேற்று சர்வரை ரீபூட் செய்ததும் செஷனையே காணோம். அப்படியானால் கமாண்டின் கடைசியில் ஒரு & போட்டு ஓடவிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கீ காம்பினேஷன்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். உங்கள் இம்போர்ட் ஏன் செத்தது என்பது முதலில் புரியட்டும், மற்றதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. சர்வர் ஒன்றில் ஆபரேட்டிங் சிஸ்டத்தையே அப்கிரேடு செய்துகொண்டிருந்தபோது நடுவில் கனெக்‌ஷன் அறுந்து, அரைகுறையாக நின்ற பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஓர் இரவு முழுக்கப் போனது. உபுண்டுவில் ரிலீஸ் அப்கிரேடு கமாண்டை எஸ்எஸ்ஹெச் வழியாகக் கொடுத்தால் அது தன்னை ஸ்கிரீன் என்ற, டிமக்ஸ் மாதிரியான ப்ரோகிராமின் செஷனுக்குள் வைத்துக்கொண்டு, 1022ஆம் போர்ட்டில் உபரியாக இன்னொரு எஸ்எஸ்ஹெச் சர்வரையும் திறந்து வைக்க முன்வருகிறது. ஏன் அப்படி என்று அந்த இரவுக்குப் பிறகு யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, என்ன நடக்கிறது? நீங்கள் லாகின் செய்ததும் எஸ்எஸ்ஹெச் சர்வர் உங்களுக்காக ஒரு போலி டெர்மினலைத் திறந்து, அதில் ஒரு ஷெல்லை (நீங்கள் அடிக்கும் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் ப்ரோகிராம்) உட்காரவைக்கிறது. நீங்கள் கொடுத்த இம்போர்ட் அந்த ஷெல்லின் பிள்ளை. உங்கள் பக்கம் நெட் போனதும் சர்வருக்கு உடனே தெரியாது. அது அனுப்பிய எழுத்துகளுக்கு உங்களிடமிருந்து பதில் வராததால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும், லினக்ஸில் வழக்கமான அமைப்பில் ஏறத்தாழ கால் மணிநேரம் கழித்துக் கைவிடும். (அதனால்தான் ஒரு நிமிடம் நெட் போய் வந்தால், உங்கள் ஐபி முகவரி மாறாத வரை, பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.) கைவிட்டதும் எஸ்எஸ்ஹெச் சர்வர் அந்த டெர்மினலை மூடுகிறது, கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) ஷெல்லுக்கு 1ஆம் எண் சிக்னலை அனுப்புகிறது. அதன் பெயர் சிக்ஹப். டெலிபோன் லைனில் மோடம் வைத்து லாகின் செய்த காலத்தில், எதிர்முனையில் ஃபோனை வைத்துவிட்டார்கள் என்பதைச் சொல்ல வந்த சிக்னல் அது. ஃபோன் போய் இத்தனை காலம் ஆகியும் சிக்னல் அப்படியே இருக்கிறது. ஷெல் தான் போவதற்கு முன் தன் பிள்ளைகளுக்கும் அதையே அனுப்பிவிட்டுப் போகிறது. கண்டுகொள்ளாமல் இருக்கும்படி எழுதப்படாத எந்த ப்ரோகிராமும் இந்த சிக்னல் வந்ததும் முடிந்துபோகும். உங்கள் இம்போர்ட்டும் அப்படித்தான் போனது.

இப்போது & விஷயம். அது வேலையைப் பின்னால் தள்ளுகிறது, அவ்வளவுதான். வேலை அதே ஷெல்லின் பிள்ளைதான், அதே டெர்மினலில்தான் எழுதுகிறது. இதில் பலரைக் குழப்புவது என்னவென்றால், பாஷ் ஷெல்லில் & போட்டுவிட்டு நீங்களாக எக்ஸிட் கொடுத்து ஒழுங்காக வெளியே வந்தால் வேலை பெரும்பாலும் தொடர்ந்து ஓடும், ஏனென்றால் அந்த மாதிரி வெளியேறும்போது பாஷ் வழக்கமாக சிக்ஹப் அனுப்புவதில்லை. அதைப் பார்த்து "& போதும்" என்று நம்பிவிடுகிறார்கள். லைன் அறுந்தால் கதை வேறு. அப்போது பாஷ் எல்லா வேலைகளுக்கும் சிக்ஹப் அனுப்பும். எதற்கு பாதுகாப்பு வேண்டுமென்று நினைக்கிறோமோ அந்த நேரத்தில்தான் & கைவிடுகிறது.

நோஹப் என்ற கமாண்டு உண்மையில் வேலை செய்யும். சிக்ஹப்பைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லி ப்ரோகிராமைத் தொடங்கிவைத்து, டெர்மினலுக்குப் போக வேண்டிய அவுட்புட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடுகிறது. எதுவும் கேட்காமல் தன்பாட்டுக்கு ஓடி முடியும் வேலைகளுக்கு நான் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் நடுவில் பாஸ்வேர்டோ, ஆமா இல்லையா என்ற கேள்வியோ வந்தால் பதில் சொல்ல வழியில்லை. வெளியே வந்துவிட்டால் அந்த வேலைக்கு முன்னால் திரும்பப் போய் உட்கார முடியாது.

டிமக்ஸ் செய்வது இதைவிட அடிப்படையான காரியம், வேலை யாருடையது என்பதையே அது மாற்றுகிறது. முதல்முறை டிமக்ஸ் என்று அடிக்கும்போது இரண்டு ப்ராசஸ்கள் உருவாகின்றன. ஒன்று பின்னணியில் ஓடும் டிமக்ஸ் சர்வர். இன்னொன்று உங்கள் திரையில் தெரியும் கிளையண்ட். உங்கள் ஷெல், இம்போர்ட், அவை எழுதும் டெர்மினல் எல்லாம் அந்தச் சர்வருக்குச் சொந்தம். கிளையண்ட் வெறும் பார்வையாளர், டெம்ப் டைரக்டரியில் உள்ள ஒரு சாக்கெட் (ப்ரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வாசல்) வழியாக சர்வரோடு பேசி, அங்கே நடப்பதை உங்களுக்குக் காட்டுகிறது, நீங்கள் அடிப்பதை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. லைன் அறுந்தால் சாவது கிளையண்ட் மட்டும். இம்போர்ட்டுக்கு நீங்கள் போனதே தெரியாது.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். டிமக்ஸை ஓட்ட வேண்டிய இடம் தூரத்து சர்வர். உங்கள் லேப்டாப்பில் டிமக்ஸைத் திறந்து, அதற்குள்ளிருந்து எஸ்எஸ்ஹெச் போனால் காப்பாற்றப்படுவது உங்கள் லேப்டாப்பில் இருக்கும் எஸ்எஸ்ஹெச் கமாண்டுதான், அந்தப் பக்கம் இருக்கும் இம்போர்ட் முன்போலவே லைனோடு சேர்ந்து போகும். புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். முதலில் எஸ்எஸ்ஹெச், அப்புறம் டிமக்ஸ், அதற்குள் வேலை.

இந்த யோசனை பழையது. ஸ்கிரீன் 1987இல் வந்தது, பெர்லினில் ஆலிவர் லாவ்மனும் கார்ஸ்டன் போர்மனும் எழுதியது. டிமக்ஸை நிக்கோலஸ் மேரியட் 2007இல் தொடங்கினார், 2009இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் 4.6 பதிப்பு அதைத் தன் அடிப்படை சிஸ்டத்திலேயே சேர்த்துக்கொண்டது. ஸ்கிரீனின் முன்விசை, அதாவது அதற்கான ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் அழுத்த வேண்டியது, கண்ட்ரோல் ஏ. மேரியட் டிமக்ஸின் முதல் வடிவத்தை ஸ்கிரீனுக்குள் உட்கார்ந்து எழுதியதால், இரண்டும் மோதாமலிருக்க கண்ட்ரோல் பி எடுத்துக்கொண்டார். நிறையப் பேர் அதை மாற்றிக்கொள்கிறார்கள். நான் மாற்றுவதில்லை, ஏனென்றால் நான் போகும் சர்வர்கள் பல, எல்லாவற்றிலும் என் கான்ஃபிக் ஃபைல் இருக்காது, கை பழகியது எங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

செஷனுக்குக் கட்டாயம் பெயர் வையுங்கள். டிமக்ஸ் நியூ, அதன்பின் மைனஸ் போட்டு பெரிய ஏ, மைனஸ் போட்டு சின்ன எஸ், அப்புறம் பெயர். பெரிய ஏ எதற்கென்றால், அந்தப் பெயரில் ஏற்கெனவே செஷன் இருந்தால் அதில் சேர்ந்துகொள்ளும், இல்லையென்றால் புதிதாகத் தொடங்கும். இந்த ஒரே வரியை ஆலியஸாக (சுருக்கப் பெயராக) வைத்துக்கொண்டால் முதல்முறையா திரும்ப வருகிறோமா என்று யோசிக்கவே வேண்டாம். பெயர் வைக்காமல் விட்டால் 0, 1, 2 என்று எண்கள் விழும். இரண்டு வாரம் கழித்து எந்த எண்ணில் இம்போர்ட், எந்த எண்ணில் வெறும் ஷெல் என்று தெரியாமல் எதையாவது மூடிவிடுவோம். வெளியே வர கண்ட்ரோல் பி அழுத்தி விட்டுவிட்டு டி. இதைத்தான் டிட்டாச் என்கிறோம், திரும்ப வந்து சேர்வது அட்டாச்.

உங்கள் மற்ற தொல்லைகளுக்கு வருகிறேன். மவுஸ் உருட்டினால் மேலே போகாததற்குக் காரணம், பழைய வரிகள் உங்கள் டெர்மினலிடம் இல்லை, டிமக்ஸிடம் இருக்கின்றன. கண்ட்ரோல் பி அழுத்திவிட்டு சதுர அடைப்புக்குறியின் திறக்கும் பக்கத்தை அடித்தால் காப்பி மோடு வரும், அதில் மேலே போகலாம், க்யூ அடித்தால் வெளியே வரலாம். அல்லது கான்ஃபிக்கில் மவுஸ் ஆன் என்று ஒரு வரி சேர்த்தால் உருட்டினாலே போகும். டிமக்ஸ் வழக்கமாக 2000 வரிகளைத்தான் நினைவில் வைத்திருக்கும், இம்போர்ட் மாதிரி வேலைக்கு அது போதாது. ஹிஸ்டரி லிமிட்டை 50000 ஆக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதை விண்டோவைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டும், ஏற்கெனவே திறந்திருப்பதற்கு அது பொருந்தாது.

புள்ளிகள் வந்தது ஏனென்றால், முதல் கம்ப்யூட்டரில் அந்தச் செஷன் இன்னும் திறந்தே இருக்கிறது. ஒரே விண்டோவை இரண்டு திரைகள் பார்க்கும்போது டிமக்ஸ் ஒரு அளவைத்தான் எடுக்க முடியும். பழைய பதிப்புகள் சின்னத் திரையின் அளவை எடுத்தன, பெரிய திரையில் மிஞ்சும் இடம் புள்ளிகளாகத் தெரியும். அட்டாச் செய்யும்போது மைனஸ் டி சேர்த்தால் மற்ற திரைகளை விலக்கிவிட்டு உங்களுடையதற்கு முழு அளவு கொடுக்கும்.

ரீபூட்டில் செஷன் போவது இயல்புதான். டிமக்ஸ் சர்வரும் ஒரு ப்ராசஸ், மெஷின் நின்றால் அதுவும் நிற்கும். விண்டோக்களின் அமைப்பைத் திரும்பக் கொண்டுவரும் ப்ளக்-இன்கள் உண்டு, ஆனால் பாதியில் நின்ற இம்போர்ட்டை அவை அதே இடத்திலிருந்து தொடர வைக்காது. ஆகவே டிமக்ஸில் இருந்தாலும் ஆறு மணிநேர வேலையை ஒரே கமாண்டாகக் கொடுக்காதீர்கள். டேபிள் டேபிளாகப் பிரித்து, எது முடிந்தது என்று ஒரு லாக் ஃபைலில் எழுதிவைக்கும் ஸ்கிரிப்டாகச் செய்யுங்கள். எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ப்ரோகிராம் என்றால் அதன் இடம் டிமக்ஸ் இல்லை, லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்-டியில் சர்வீஸாகப் போடுங்கள். யாரோ எப்போதோ டிமக்ஸில் திறந்துவைத்த ஒன்றை நம்பி மொத்த சிஸ்டமும் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த ரீபூட்டில் அதை எப்படித் தொடங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். நாள் கணக்கில் திறந்திருக்கும் செஷனுக்குத் திரும்ப வந்து கிட் புல் அடித்தால் சில நேரம் சாவி மறுக்கப்படும். உங்கள் எஸ்எஸ்ஹெச் ஏஜெண்ட்டின் (சாவிகளை வைத்திருக்கும் ப்ரோகிராம்) பழைய சாக்கெட்டை அந்த ஷெல் இன்னும் நினைவில் வைத்திருப்பதுதான் காரணம், புது விண்டோ திறந்து அதில் அடித்தால் சரியாகிவிடும். இன்னொன்று, ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) மாறிய ஷெல்லை அப்படியே விட்டு டிட்டாச் செய்யாதீர்கள். உங்கள் கணக்கில் நுழைந்த எவருக்கும் அது பாஸ்வேர்டு கேட்காமல் ரூட் கொடுக்கும்.

புது சர்வரில் பெரிய வேலையை நம்பி ஒப்படைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். 2016இல் வந்த சிஸ்டம்-டி 230, பயனர் லாக்அவுட் ஆனதும் அவருடைய ப்ராசஸ்களையெல்லாம் கொன்றுவிடுவதை இயல்பான அமைப்பாக்கியது. டிமக்ஸும் ஸ்கிரீனும் அதில் சேர்ந்தே செத்தன, பெரிய சண்டையே நடந்தது. டெபியன் தன் பக்கம் அதைத் திருப்பி மாற்றிக்கொண்டது, ஆனாலும் உங்களுக்குக் கொடுத்திருக்கும் மெஷினில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஒரு செஷன் திறந்து, அதில் ஐந்து விநாடிக்கு ஒருமுறை நேரத்தை அச்சிடும் சின்ன லூப் ஒன்றை ஓடவிடுங்கள். டிட்டாச் செய்யாமல், எக்ஸிட் கொடுக்காமல், டெர்மினல் விண்டோவையே மூடிவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து உள்ளே போய் அட்டாச் செய்து பாருங்கள், நடுவில் விடுபடாமல் நேரங்கள் வரிசையாக இருக்க வேண்டும். செஷன் இல்லையென்றால் லாகின்சிடிஎல் கமாண்டில் உங்கள் கணக்குக்கு லிங்கர் (லாக்அவுட் ஆன பிறகும் உங்கள் கணக்கின் சிஸ்டம்-டியை ஓடவிடும் அமைப்பு) ஆன் செய்யுங்கள், டிமக்ஸ் சர்வரை சிஸ்டம்-டி ரன் கமாண்டு வழியாக யூசர் ஸ்கோப்பில் தொடங்குங்கள், பிறகு அதே சோதனையை இன்னொருமுறை செய்துவிட்டு இம்போர்ட்டைத் தொடங்குங்கள்.